வாங்க வராதவர் கேட்ட விலை

ஒரு ஏலம் முடிந்ததும் பொருளை எடுத்தவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எவ்வளவு பெரிய ரசிகர், எவ்வளவு பணம் வைத்திருக்கிறார், இவ்வளவு கொடுக்க எப்படி மனசு வந்தது என்றெல்லாம். ஆனால் விலையை முடிவு செய்தவர் அவர் அல்ல. அவரோடு கடைசி வரை மல்லுக்கட்டிவிட்டு, ஒரு கட்டத்தில் போதும் என்று விலகினாரே, அந்த இரண்டாவது ஆள்தான். அவர் 400 டாலரில் விலகியிருந்தால் பொருள் 400-ஐ ஒட்டிப் போயிருக்கும். 4,000 வரை கேட்டதால்தான் 4,000-க்குப் போனது.

அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவர் உண்மையிலேயே வாங்க வந்தவரா, விலையை ஏற்றிவிட மட்டும் வந்தவரா?

விளையாட்டு நினைவுப்பொருட்களின் ஆன்லைன் ஏலங்களை நான் பல வருஷங்களாகப் பின்தொடர்கிறேன். கையெழுத்துப் போட்ட மட்டை, பழைய பேஸ்பால் கார்டு, வீரர்கள் அணிந்த சட்டை, தொப்பி என்று எல்லாமே. வாங்கியது கொஞ்சம், பார்த்தது நிறைய. சேகரிக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "அந்த ஏலத்துல ஆள் வச்சு ஏத்திவிட்டாங்கப்பா." சொல்லிவிட்டு, இதெல்லாம் எங்கேயும் நடக்கிறதுதானே என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. ஒரு பொருளுக்கு நாம் கேட்கும் விலை, 'இது எனக்கு இவ்வளவு பெறும்' என்று ஊரறியச் சொல்லும் சாட்சி. வாங்கும் எண்ணமே இல்லாமல் கேட்பது பொய்ச்சாட்சி. அதன் சேதம் அந்த ஒரு ஏலத்தோடு நிற்பதும் இல்லை.

முதலில் இந்தச் சந்தை எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடுகிறேன். 2022 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்ட்டிலின் கார்டு ஒன்று, டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்டது, 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2024 ஆகஸ்டில், 1932 பேஸ்பால் உலகத் தொடரில் பேப் ரூத் அணிந்த சட்டை 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. கிரிக்கெட்டில், ஆஸ்திரேலியக் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஷேன் வார்ன் தன்னுடைய பச்சைத் தொப்பியை 2020 ஜனவரியில் ஆன்லைன் ஏலத்தில் விட்டபோது 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் வந்தது. இந்த மூன்று விற்பனைகளிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. ஒரு அட்டைத்துண்டுக்கும் ஒரு துணிக்கும் மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று காட்டத்தான் சொன்னேன். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் விலையைக் கொஞ்சம் தள்ளிவிடும் ஆசையும் கூடவே வரும்.

உச்ச விலையை யாரிடம் சொல்கிறோம்?

நேரில் நடக்கும் ஏலத்தில் ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவுவார்கள். போட்டிக்கு யார் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கலாம். முகம் தெரியும். அவர் விற்பவரின் மச்சானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிக்கலாம். ஆன்லைனில் இது எதுவும் கிடையாது.

அங்கே நடப்பது வேறு. ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 500 டாலர் தரலாம் என்று நினைக்கிறீர்கள். அந்த 500-ஐ இணையதளத்தில் பதிந்துவிட்டுப் போய்விடலாம். உங்களுக்காக அந்தத் தளமே படிப்படியாகக் கேட்கும். வேறு ஒருவரின் உச்சம் 200 என்றால், 200-க்கு மேல் ஒரு படி ஏறி அங்கேயே நிற்கும். உங்கள் 500 வெளியே யாருக்கும் தெரியாது. ஏலம் அப்படியே முடிந்தால் 200 சொச்சத்துக்குப் பொருள் உங்களுடையது.

அருமையான ஏற்பாடு இது. எடுத்தவர் தன் விலையைத் தராமல் அடுத்தவரின் விலையைத் தரும் ஏலத்தில், மனதில் உள்ள உண்மையான உச்சத்தை அப்படியே சொல்லிவிடுவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் விளக்கினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே இறந்தும் போனார். தபால்தலை சேகரிப்பவர்கள் அவருக்கும் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, அஞ்சல் வழியாக இதே முறையில் ஏலம் நடத்தியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நாம் சொன்ன 500 இரகசியமாக இருக்க வேண்டும். அந்தத் தொகையை அறிந்த ஒருவர் 490-க்கு ஒரு போலிக் கேள்வியை, அதாவது வாங்கும் எண்ணமே இல்லாத ஏலக் கேள்வியை, போட்டுவிட்டால், 200 சொச்சத்துக்கு முடிய வேண்டிய பொருள் 500-ஐ ஒட்டி முடியும். உண்மையைச் சொன்னதற்கே தண்டனை. சொல்லாமல் பதுக்கியவர் தப்பித்துக்கொள்வார். நேர்மையாக நடக்கச் சொல்லும் ஒரு முறையை, நேர்மையானவரை மட்டும் தேடிப் பிடித்து அடிக்கும் முறையாக இது மாற்றிவிடுகிறது. போலிக் கேள்வியில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

இதில் ஜெர்மன் கவிஞர் கதே சம்பந்தப்பட்ட பழைய கதை ஒன்று உண்டு. 1797-இல் 'ஹெர்மனும் டோரோத்தேயாவும்' என்ற தன் காவியத்தை ஃபீவெக் என்ற பதிப்பாளருக்குக் கொடுக்க நினைத்தார். பதிப்பாளர்கள் மனதில் என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்று அறிய அவருக்கு ஆசை. தான் எதிர்பார்க்கும் தொகையை எழுதி, முத்திரை வைத்த உறையில் போட்டு, போட்டிகர் என்ற தெரிந்த மனிதரிடம் கொடுத்தார். ஃபீவெக் சொல்லும் தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் பேரம் முறியும், உறை திறக்கப்படாமல் திரும்பி வரும். அதிகமாக இருந்தால் உறையில் உள்ள தொகையை மட்டும் கொடுத்தால் போதும். உறைக்குள் இருந்தது 1,000 தாலர். ஃபீவெக் சொன்னதும் துல்லியமாக 1,000. உறையை வைத்திருந்த போட்டிகர் தொகையைக் கசியவிட்டுவிட்டார். கதே அறிய விரும்பியது கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை. அங்கே நஷ்டம் விற்பவருக்கு, இன்றைய கார்டு ஏலத்தில் நஷ்டம் வாங்குபவருக்கு. உறையை வைத்திருப்பவர் பிசகினால் எந்த முறையும் நிற்காது என்பது இரண்டுக்கும் பொது.

வெளியாளும் உள்ளாளும்

போலிக் கேள்விகளை எல்லாம் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இரண்டு வகை இருக்கின்றன.

ஒன்று, விற்பவரே செய்வது. தம்பி பெயரில், நண்பர் பெயரில், இல்லாவிட்டால் தானே திறந்துகொண்ட இன்னொரு கணக்கில் கேட்பது. பினாமிதான். இவருக்கு நம்முடைய உச்சம் தெரியாது. இருட்டில் தடவித் தடவி ஏறுவார். 210, 220, 230 என்று சின்னச் சின்னப் படிகளாகக் கேட்டுப் பார்ப்பார். நம் உச்சத்தைத் தாண்டிவிட்டால் பொருள் அவர் தலையிலேயே விழும். அப்போது 'வாங்கியவர் பணம் கட்டவில்லை' என்று சொல்லி மறுபடி ஏலத்துக்கு விடுவார், இல்லையென்றால் தோற்ற நமக்கு 'உங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு' என்று செய்தி அனுப்புவார்.

இதில் கெட்டிக்காரத்தனமான ஒரு வழியும் உண்டு. ஒரேயடியாகப் பெரிய தொகையைக் கேட்டு நம் உச்சம் எது என்று வெளியே கொண்டுவந்துவிடுவது. பிறகு 'தொகையைத் தவறாகத் தட்டிவிட்டேன்' என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, உச்சத்துக்கு ஒரு படி கீழே புதிதாகக் கேட்பது. இதைத் தடுக்கத்தான் ஈபே போன்ற தளங்கள் கேள்வியைத் திரும்பப் பெறுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது கேட்டதை, ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே திரும்பப் பெற முடியும்.

இரண்டாவது வகை, ஏல நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர் செய்வது. இவருக்குத் தடவிப் பார்க்கும் வேலையே இல்லை. எல்லோருடைய உச்சமும் அவர் கணினித் திரையில் இருக்கிறது. 500 சொன்னவரை 490-க்கு இழுக்க ஒரே ஒரு கேள்வி போதும். பொருள் தன் தலையில் விழும் என்ற பயமும் இல்லை. நிறுவனத்துக்குக் கமிஷன் விலையின் விகிதத்தில்தான் வருகிறது என்பதால், விற்பவருக்கு இருக்கும் அதே ஆசை இவருக்கும் இருக்கிறது. விற்பவர்கள் எந்த நிறுவனத்தில் பொருளை ஒப்படைப்பது என்று யோசிக்கும்போது, 'அங்கே கொடுத்தால் நல்ல விலை போகும்' என்ற பேர் அதைவிடப் பெரிய லாபம்.

இரண்டாவது வகை வெறும் சந்தேகமாக நின்றுவிடவில்லை. நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

பில் மாஸ்ட்ரோ

2000-களில் அமெரிக்காவின் விளையாட்டு நினைவுப்பொருள் ஏல உலகில் மாஸ்ட்ரோ ஆக்‌ஷன்ஸ் என்றால் தனி மரியாதை. இல்லினாய்ஸ் மாநிலத்தில், சிகாகோவை ஒட்டி இயங்கிய நிறுவனம். அதன் தலைவர் பில் மாஸ்ட்ரோ சேகரிப்பாளர்கள் மத்தியில் பெரும்புள்ளி. தடித்த, அழகான விற்பனைப் பட்டியல்களை அச்சிட்டு அனுப்புவார்கள். அந்தப் பட்டியலையே பத்திரப்படுத்தி வைக்கிறவர்கள் உண்டு.

2009-இல் நிறுவனம் மூடப்பட்டது. எஃப்.பி.ஐ. விசாரணைக்குப் பிறகு, 2012 ஜூலையில் மாஸ்ட்ரோ மீதும் அவரோடு வேலை செய்தவர்கள் மீதும் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவானது. 2002 முதல் 2009 தொடக்கம் வரை, தங்கள் ஏலங்களிலேயே போலிக் கேள்விகளைப் போட்டு விலையை ஏற்றினார்கள் என்பது சாரம். வாடிக்கையாளர்கள் நம்பிப் பதிந்துவைத்த உச்ச விலைகளைத் தெரிந்துகொண்டே அதைச் செய்தார்கள். 2013 அக்டோபரில் மாஸ்ட்ரோ அஞ்சல் வழி மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2015 ஆகஸ்டில் 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. நிறுவனத்தில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த டக் ஆலனுக்கு 57 மாதம்.

அதே வழக்கில் மாஸ்ட்ரோ இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் டி206 கார்டு பற்றியது அது. 1909-ஐ ஒட்டி ஒரு புகையிலை நிறுவனம் சிகரெட் பெட்டியோடு கொடுத்த கார்டு. இன்று உலகத்தில் இருப்பவை சில டஜன்கள்தான். அவற்றில் ஒன்று மட்டும் நம்பமுடியாத அளவுக்குப் புதுசாக, கூர்மையான ஓரங்களோடு இருந்தது. 1985-இல் மாஸ்ட்ரோ அதை 25,000 டாலருக்கு வாங்கி, இரண்டு வருஷத்தில் 1,10,000-க்கு விற்றார். 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளி புரூஸ் மெக்னாலும் சதபீஸ் ஏலத்தில் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். கார்டுகளின் தரத்தைச் சோதித்து எண் கொடுக்கும் பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலில் தரமிட்ட கார்டு இதுதான். பத்துக்கு எட்டு கொடுத்தார்கள். 2000-இல் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலர், 2007-இல் 28 லட்சம் டாலர் என்று ஏறிக்கொண்டே போனது.

அந்தக் கூர்மையான ஓரங்கள், மாஸ்ட்ரோ கார்டின் பக்கவாட்டு விளிம்புகளை வெட்டியதால் வந்தவை. அதை அவர் வாயாலேயே சொன்னார்.

உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட கார்டு. அதைத் திரும்பத் திரும்ப வாங்கி விற்றவர்கள் பணக்காரர்கள், விவரம் தெரிந்தவர்கள், வக்கீல் வைத்துக்கொண்டவர்கள். சந்தேகம் கிளப்பியவர்களும் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு விற்பனையும் அடுத்த விற்பனைக்கு ஆதாரமானது. 'போன தடவை இவ்வளவுக்குப் போயிருக்கிறதே' என்பதற்கு மேல் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. பொய் ஒரு முறை பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை நல்லவர்களே செய்துவிடுகிறார்கள்.

சந்தேகத்துக்கும் நிரூபணத்துக்கும் நடுவே

மாஸ்ட்ரோ வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. பெரும்பாலான ஏலங்களில் நம்மிடம் இருப்பது சந்தேகம் மட்டும்தான்.

2021 ஆகஸ்டில், ஈபேயின் மிகப்பெரிய கார்டு விற்பனையாளர்களில் ஒன்றான பி.டபிள்யூ.சி.சி.யை அந்தத் தளம் வெளியேற்றியது. அந்த நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் போலிக் கேள்விகளில் ஈடுபட்டார்கள் என்று ஈபே சொன்னது. பி.டபிள்யூ.சி.சி. மறுத்தது. ஈபே செய்தது ஒரு தளம் எடுத்த முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. அந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. ஆனால் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த நிறுவனம் விற்ற விலைகளை வைத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் கார்டுகளுக்கு மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'அந்த விலைகளில் எது நிஜம்?' என்ற கேள்வியோடு அவர்கள் தனியே விடப்பட்டார்கள்.

சாதாரண வாங்குபவர் என்ன பார்க்கலாம்? ஈபேயில் ஏல வரலாற்றைத் திறந்தால், கேட்டவரின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போல ஏதோ இரண்டும், நடுவில் நட்சத்திரங்களும்தான் தெரியும். ஒரு காலத்தில் முழுப் பயனர் பெயரும் தெரிந்தது. தோற்றவர்களுக்கு மோசடிக்காரர்கள் போலி 'இரண்டாவது வாய்ப்பு' அனுப்பி ஏமாற்றியதால் பெயர்களை மறைத்தார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் ஒரே கணக்கு ஒரே விற்பவரிடம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று சேகரிப்பாளர்கள் தாங்களே பார்த்துக் கண்டுபிடிக்கும் வசதியும் அதோடு போனது.

இருந்தாலும் மறைத்த பெயரைத் தட்டினால், அந்தக் கணக்கின் கடந்த 30 நாள் நடவடிக்கை ஓரளவு தெரியும். எத்தனை பொருளுக்குக் கேட்டார், கேள்விகளில் எத்தனை சதவீதம் இதே விற்பவரிடம், எத்தனை முறை கேள்வியைத் திரும்பப் பெற்றார் என்ற விவரங்கள். நான் முதலில் பார்ப்பது அந்தச் சதவீதத்தைத்தான். சந்தேகம் தரும் அடையாளங்கள் இவை: புதிய கணக்கு, கிட்டத்தட்ட எல்லாக் கேள்விகளும் ஒரே விற்பவரிடம், சின்னச் சின்னப் படிகள், யாராவது கேட்டவுடனே பதிலுக்குக் கேட்பது, ஏலம் முடியும் தறுவாயில் காணாமல் போவது, எதையும் எடுக்காமலே இருப்பது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் ஜேரட் டிரெவதனும் வேய்ன் ரீடும், கிட்டத்தட்ட இதே அடையாளங்களைக் கணக்கில் எடுத்து ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சந்தேக மதிப்பெண் போடும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். ஒரு அடையாளம் மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே கணக்கில் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

தரமிட்ட கார்டுகளில் இன்னொரு தடயமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கும். பெரிய விலைக்கு 'விற்றுப்போன' கார்டு அதே எண்ணோடு சில வாரத்தில் மறுபடியும் ஏலத்துக்கு வந்தால், முதல் விற்பனை உண்மையிலேயே நடந்ததா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒரு வீரரின் கார்டுகளை மட்டும் சேகரிப்பவர், அந்த வீரரின் பொருட்களை மட்டும் விற்கும் ஒருவரிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார். அவருடைய சதவீதமும் கூடுதலாகத்தான் தெரியும். பட்ஜெட் குறைவானவர் எல்லா ஏலத்திலும் தோற்பார். புதிதாக வந்த ஆர்வக்காரர் ஐந்து ஐந்து டாலராகத்தான் ஏறுவார். தொகையைத் தவறாகத் தட்டுவதும் உண்மையிலேயே நடக்கும். ஏலத்தில் தோற்ற எரிச்சலில் எதிரே நின்றவரைப் பினாமி என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம். அப்படிப் பெயர் கெட்ட நேர்மையான வியாபாரிகளும் இருக்கிறார்கள். அதனால்தான் சந்தேகத்தை ஆளின் மேல் வைக்காமல் நடந்த முறையின் மேல் வைத்துப் பேச வேண்டும் என்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் எனக்கே ஒன்று நடந்தது. ஒரு கையெழுத்திட்ட கிரிக்கெட் புகைப்படத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்கும்போதெல்லாம் நிமிஷத்துக்குள் இன்னொரு கணக்கு ஒரு படி மேலே ஏறியது. விவரத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கின் கேள்விகள் அனேகமாக எல்லாமே அதே விற்பவரிடம். நான் வைத்திருந்த எல்லையில் நின்றுவிட்டேன். படம் அந்தக் கணக்குக்கே போனது. கொஞ்ச நாளில் அதே படம் மறுபடியும் ஏலத்துக்கு வந்தது, மூலையில் இருந்த அதே மடிப்போடு. திரைப்பிடிப்புகளைச் சேர்த்து அந்த இணையதளத்துக்கு எழுதினேன். 'விசாரித்தோம், முடிவைத் தெரிவிக்க இயலாது' என்று பதில் வந்தது. போலி நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்கத் தேவையான எல்லாமே, அதாவது எந்தக் கணினியிலிருந்து கேட்டார்கள், எந்த வங்கி அட்டை, எந்த முகவரி என்ற எல்லாமே, பதில் எழுதிய தளத்திடம்தான் இருக்கிறது. விலை ஏறினால் கமிஷன் ஏறும் அதே தளத்திடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவின் சீர்மை வணிகச் சட்டம் 2-328-ஆவது பிரிவின்படி, விற்பவர் சார்பில் கேட்கும் உரிமை இருக்கிறது என்று முன்கூட்டி அறிவிக்காமல், ஏலம் நடத்துபவர் தெரிந்தே அப்படி ஒரு கேள்வியை ஏற்றால், எடுத்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. விற்பனையை ரத்து செய்யலாம். ரத்து வேண்டாம், பொருள்தான் வேண்டும் என்றால், கடைசியாக வந்த நேர்மையான கேள்வியின் விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. பொய்ச்சாட்சியை நீக்கிவிட்டு, மிஞ்சிய உண்மைச் சாட்சியை வைத்து விலையை மறுபடி கணக்கிடச் சொல்கிறது.

இந்தியாவிலும் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் 64-ஆவது பிரிவு இருக்கிறது. முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தானே கேட்பதும் ஆள் வைத்துக் கேட்பதும் சட்டப்படி கூடாது, வாங்கியவர் அதை மோசடியாகக் கருதலாம். விலையை ஏற்றப் போலிக் கேள்வி பயன்பட்டிருந்தால் விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது.

ஆக, சட்டத்தில் குறை இல்லை. எது நேர்மையான கேள்வி, எது போலி என்று காட்டும் பதிவுகள் வாங்கியவர் கைக்கு வருவதில்லை என்பதுதான் சிக்கல். மாஸ்ட்ரோவைப் பிடிக்க எஃப்.பி.ஐ. தேவைப்பட்டது. 200 டாலர் கார்டுக்கு எஃப்.பி.ஐ. வருமா?

யாருக்கு நஷ்டம்?

"பணக்காரன் பொழுதுபோக்கு, ஏமாந்தால் ஏமாறட்டும்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கோடி டாலர் சட்டை வாங்குபவரிடம் ஆலோசகர்கள் இருப்பார்கள். அடிபடுவது அவரல்ல. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சின்ன வயதில் கொண்டாடிய வீரரின் ஒரே ஒரு கையெழுத்தை வாங்க நினைப்பவர். அவர் ஒரு வாரம் முழுக்க யோசித்து, வீட்டில் பேசி, 'இவ்வளவுதான் முடியும்' என்று ஒரு தொகையைப் பதிகிறார். அந்தத் தொகையில் அவருடைய ஆசையும் வசதியும் சேர்ந்தே இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு அதன் விளிம்பு வரை உறிஞ்சுவதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த ஏலத்துக்கே வராதவர்களும் அடிபடுகிறார்கள். ஏல முடிவுகள் விலைப்பட்டியல்களில் ஏறுகின்றன. அடுத்து விற்பவர் அதைக் காட்டி விலை சொல்கிறார். காப்பீட்டுக்கு அதுதான் ஆதாரம். தாத்தா விட்டுப்போன சேகரிப்பைப் பிள்ளைகள் பங்கு பிரிக்கும்போதும் அதுதான் கணக்கு. உண்மையில் இரண்டே பேர் கேட்ட பொருள் பத்துப் பேர் மோதியதுபோல் பதிவாகியிருந்தால், அதை நம்பி முதலீடு செய்தவர் விற்கப் போகும்போதுதான் மீதி எட்டுப் பேரும் இல்லை என்பது தெரியவரும்.

ஒரு போக்கையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கி, சில கைகளில் சேர்ந்துகொண்டே போகின்றன. பி.டபிள்யூ.சி.சி.யை 2023-இல் ஃபனடிக்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ் வசம் இருந்த கோல்டின் ஏல நிறுவனத்தை 2024-இல் ஈபே வாங்கியது. இதில் யார் மேலும் நான் குற்றம் சொல்லவில்லை. விற்கும் தளம், ஏலம் விடும் நிறுவனம், தரம் போடுபவர், பொருளைப் பெட்டகத்தில் காப்பவர் என்று தனித்தனியாக இருக்க வேண்டியவர்கள் நெருங்கி வரும்போது, வெளியாளின் கண்காணிப்பு முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்?

ஏல நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியவை நான்குதான், எதுவும் பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. முதலாவது, கேட்பவருக்கு ஒரு மாறாத அடையாள எண். பெயர் வேண்டாம். எல்லா ஏலத்திலும் அதே எண் வந்தால் போதும், மீதியைச் சேகரிப்பாளர்களே பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது, நிறுவனத்தின் ஊழியர்களும் பங்குதாரர்களும் தங்கள் ஏலத்தில் கேட்கலாமா கூடாதா என்பது விதிகளில் பட்டவர்த்தனமாக இருக்க வேண்டும். கேட்கலாம் என்றால் அந்தக் கேள்விகள் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஏலம் முடியும் வரை வாடிக்கையாளர்களின் உச்ச விலையை நிறுவனத்தில் யாருமே பார்க்க முடியாதபடி பூட்டி வைத்து, அதை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். நான்காவது, பணம் வராத விற்பனைகளை விலைப்பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், நீக்கியதை வெளியே சொல்லவும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தளம் அனுமதித்தால் உங்கள் உச்சத்தை நாலு நாள் முன்னால் பதிந்துவிட்டுப் போகாதீர்கள். கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தடவிப் பார்க்கிறவருக்கு நேரம் இருக்காது. சில ஏல நிறுவனங்கள் கடைசிக் கேள்வி வந்து குறிப்பிட்ட நேரம் அமைதியாக இருக்கும் வரை ஏலத்தை நீட்டிக்கொண்டே போகும். அங்கே இந்த வழி பலிக்காது. அங்கே விதிகளை முழுசாகப் படித்துவிட்டு, எல்லையைத் தாளில் எழுதிவைத்துவிட்டு இறங்குங்கள். ஏலம் சூடு பிடிக்கும்போது எதிரே நிற்பவர் எவ்வளவு கேட்கிறார் என்பதை வைத்து உங்கள் எல்லையை மாற்றாதீர்கள். போலிக் கேள்வி பிழைப்பதே அந்தக் கணத்தில்தான்: 'இன்னொருத்தருக்கு அவ்வளவு பெறுமென்றால் எனக்கும் பெறும்.'

சந்தேகம் வந்தால் ஏல வரலாற்றை அன்றைக்கே சேமித்து வையுங்கள். பிறகு அது கிடைக்காமல் போகலாம். தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், பதில் சப்பென்று வந்தாலும் கொடுங்கள். சக சேகரிப்பாளர்களிடம் பேசும்போது 'இன்னார் திருடர்' என்று சொல்லாமல், எந்தத் தேதியில், எந்தப் பொருளுக்கு, எந்தக் கணக்கு எப்படிக் கேட்டது என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். வாக்னர் கார்டின் ஓரங்களைப் பற்றிச் சந்தேகம் எழுப்பியவர்களைப் பொறாமைக்காரர்கள் என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். சந்தேகம் எழுப்பியவர்களோ விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வருஷங்கள் கழித்து நீதிமன்றத்தில் அது உண்மை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பொய்ச்சாட்சியை எதிர்க்க நம்மிடம் இருப்பது உண்மைச் சாட்சி ஒன்றுதான். அதைத் தேதியோடு, ஆதாரத்தோடு, நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருப்போம்.